சாட்சி சொன்ன நல்ல வார்த்தை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டால் உன் முழங்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாய். எழுது. இப்போதெல்லாம் என் பெயருக்கு வருவது கம்பெனிக் கடிதங்கள்தான். வழவழப்பான தாளில், சிரிக்கும் கிழவர்கள் படம் போட்டு வருகின்றன. அந்தக் கிழவர்களுக்கு எந்த நோயும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் சைக்கிள் கூட ஓட்டுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் காலையும் மாலையும் அரசாங்கம் ஓர் உதவியாளரை அனுப்பிக்கொண்டிருந்தது அல்லவா, நம் மேஸ்திரி. (கட்டட வேலையில் இருந்தவன் என்பதால் நான் வைத்த பெயர். என்னைத் தூக்கும்போது இப்போதும் "சாரம் கட்டலாமா சார்?" என்றுதான் கேட்பான்.) ஜூலை முதல் தேதியோடு அது நிற்கிறது. அரசாங்க உதவி என்று இனி ஒன்றும் கிடையாது. எல்லோரையும் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நமக்கு விருப்பமா என்று கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் தலைப்பு 'உங்கள் விருப்பம், உங்கள் சுதந்திரம்' என்று இருக்கிறது.

நேரில் கேட்கலாம் என்று மேஸ்திரி என்னைத் தூக்கிப் படி இறக்கி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். பழைய உதவித்தொகை அலுவலகத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. அதே கவுண்டர். அதே ஆள் அக்கா, இத்தனை வருடமும் என்னைப் பார்த்து "என்னய்யா, மறுபடியுமா?" என்று எரிந்து விழுந்த அதே ஆள். கழுத்தில் டை கட்டியிருந்தார். "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்டார். அவர் எரிந்து விழுந்த காலத்தில் வேலை நடந்தது.

விதி இதுதான். எழுந்து உட்காருவது, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, நடப்பது. இந்த ஆறில் நான்கு என்னால் முடியாது என்று அவர்கள் ஆள் வந்து பார்த்து எழுதினால் மேஸ்திரியின் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கும். மூன்று என்று எழுதினால் நான் ஆரோக்கியசாலி. பார்க்க வருகிற நாளில் குடும்பத்தார் ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும். மேஸ்திரி இருக்கக் கூடாது, அவனுக்கு அதில் ஆதாயம் இருக்கிறதாம்.

குடும்பத்தார் என்று எனக்கு இருப்பது நீ. உன்னால் ரயில் ஏற முடியுமா என்று மட்டும் எழுது.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லாதே. விசாரிக்கவில்லை.

உன் தம்பி

*

மார்ச் 13

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மேஸ்திரி இல்லாமல் நீ எப்படிடா இருப்பாய்? போன வருடம் அவனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராததற்கே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டதே.

முழங்கால் ஆபரேஷன் ஏப்ரல் முதல் வாரம். தள்ளிப் போட்டால் அடுத்த வருடம்தான் என்கிறார் டாக்டர். இல்லையென்றால் நான் நடந்தாவது வந்துவிடமாட்டேனா? அதனால் இவரை அனுப்புகிறேன். பல்லைக் கடிக்காதே. நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அவருக்கும் வயது எழுபது ஆகிறது. "உன் தம்பி என்னைக் கண்டா ஏதோ கடன்காரனைப் பாத்த மாதிரி மூஞ்சியத் திருப்பிக்குவான், நான் போய் என்னத்த பண்ண?" என்று முதலில் சலித்துக்கொண்டார். ராத்திரி அவராகவே ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ இப்படித் தனியாகவே நின்றுவிட்டாய். ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால் இன்றைக்கு ஒரு சாட்சிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. திட்டாதே, மனசில் பட்டதைச் சொன்னேன்.

உன் அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சாட்சிக்காகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்ன முதல் ஆள் நீதான். கோர்ட்டில் சாட்சிகளோடு வாழ்ந்தவன் நான். ஒருவரோடும் குடித்தனம் நடத்தத் தோன்றவில்லை.

கடன்காரன் என்று அத்தான் சொன்னதில் தவறில்லை. எனக்கு ஒரு வாக்கியம் பாக்கி வைத்திருக்கிறார். அப்பா காரியம் முடிந்த அன்று கூடத்தில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் சட்டப் படிப்பைத் தொடரலாமா வேண்டாமா என்று பேச்சு. உன் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இவனா? படிக்க வச்சாலும் வைக்காட்டியும் இவன் கடைசி வரைக்கும் எவன் தோள்லயாவது தொங்கிக்கிட்டுத்தான் கிடப்பான்." சித்தப்பா சிரித்தார். நீ சமையலறையில் இருந்தாய். நீ இருந்திருந்தாலும் எதுவும் சொல்லியிருக்கமாட்டாய்.

அந்த வாரமே கல்லூரியை விட்டேன். சுருக்கெழுத்துப் பரீட்சை எழுதி, கோர்ட்டில் அடுத்தவர் பேசுவதை எழுதுகிற வேலைக்குப் போனேன். என்னை நானே சுமந்துகொள்வதற்கு அதுதான் குறுக்கு வழி. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பேச வேண்டியவன், பேசுகிறவர்களின் காலடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். யார் சொன்ன வாக்கியத்தையும் அட்சரம் பிசகாமல் நினைவில் வைத்திருப்பது என் தொழில் வியாதி. இந்தத் தசை வியாதி அதற்குப் பிறகு வந்தது.

இருந்தாலும் அவரை அனுப்பு. வேறு வழியில்லை. ஏப்ரல் 7, காலையில். மதிப்பீட்டாளர் என்று ஒருவர் வருவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய திட்டம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை அரசாங்க டாக்டர் வருவார். நாற்காலியில் உட்காரக்கூட மாட்டார். "எப்படி இருக்கு? அதே மாதிரிதானா? சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு என் முகம் தெரியாது. ஆனால் என் கால் இனிமேல் சரியாகாது என்பது அவருக்குத் தெரியும். இவர்களுக்கு என் பிறந்தநாள் தெரிந்திருக்கிறது, வாழ்த்து அனுப்புகிறார்கள்.

உன் தம்பி

*

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

அதையெல்லாம் இன்னுமா நெஞ்சில் வைத்திருக்கிறாய்? அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகமே இருக்காது என்று நினைத்து ஜாடையாகக் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதடா. எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

நாளை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். அதற்குள் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொள்.

அன்றைக்குச் சவரம் செய்துகொள்ளாதே. அந்தக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்காதே. வருகிறவர் படித்தவராக இருந்தால் சட்டம் பேசாதே. முக்கியமாக வீறாப்பு காட்டாதே. முடியாததை முடியாது என்று சொல். உனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் சின்ன வயசிலிருந்தே வாயில் வராது. சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது கூட "சும்மா சுளுக்கு" என்றுதானே வீட்டுக்கு வந்தாய்.

இவரிடமும் சொல்லி அனுப்புகிறேன். "அவனைப் பத்தி உங்க வாயால இதுவரைக்கும் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. அந்த ஆபீசர் முன்னாடியாவது ஒண்ணு சொல்லிட்டு வாங்க" என்றேன். நம் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விதவை உதவித்தொகை அப்படித்தானே கிடைத்தது? தலைமையாசிரியர் கூடப் போய் "நல்ல குடும்பம், பொய் சொல்லமாட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆபீசர் மறு பேச்சுப் பேசாமல் எழுதிக் கொடுத்தார். பெரிய மனிதர் ஒருவர் நல்லபடியாகச் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று அத்தானுக்குப் போனில் செய்தி வந்தபோது அவர் என் அறையில்தான் இருந்தார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தை அவர் அப்படித்தான் காட்டுவார் போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சவரம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைச் சட்டையையும் எடுக்கவில்லை. நீ சொன்னபடி கட்டிலில் சாய்ந்தே கிடப்பது என்று தீர்மானம் செய்திருந்தேன். காலையில் அத்தான் வந்தார். கதவைத் திறந்து உள்ளே வந்தவர், சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். அதே சாய்வு அக்கா. தலை நரைத்துவிட்டது, சாய்வு மாறவில்லை. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டேன். நல்ல நாளில் இதெல்லாம் என்னால் முடியும். மாதத்தில் அப்படி ஒன்றிரண்டு நாள் வரும். மறுநாள் அதற்கு வட்டி கட்டுவேன்.

மதிப்பீட்டாளர் முப்பது வயதுப் பையன். மரியாதை தெரிந்தவன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். மடியில் ஒரு கருவியை வைத்துத் தட்டிக்கொண்டே பேசினான். "கஷ்டப்படுத்திக்காதீங்க சார், முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்க போதும்" என்றான். முடிந்த வரைக்கும் பண்ணினேன். அதுதான் தவறு. ஜன்னல் வரைக்கும் நடக்கச் சொன்னான், நடந்தேன். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னான், தூக்கினேன். சிந்தவில்லை.

பிறகு அத்தானிடம் கேட்டான். "நீங்க உறவுக்காரர். சொல்லுங்க, சாதாரணமா இவருக்கு யாராவது துணை வேணுமா?"

அத்தான் சுவரைவிட்டு நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "இவன் வாழ்க்கையில ஒரு நாளும் எவன் தோளையும் நம்பி நின்னவன் இல்ல சார். நானே ஒரு காலத்துல இவனைத் தப்பா எடை போட்டேன். சபையில தப்பாச் சொல்லியும் இருக்கேன். இப்ப சொல்றேன், எழுதிக்கங்க."

பையன் எழுதிக்கொண்டான். தட்டுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும், ஓர் எழுத்து விடவில்லை.

அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அவர் அன்பாகச் சொல்கிறார், உண்மை அது இல்லை" என்று ஒரு வாக்கியம் போதும். எத்தனை சாட்சிகளை வக்கீல்கள் அப்படித் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். திறக்கவில்லை அக்கா. அந்தக் கடன் தீர்ந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, பையன் கிளம்பியபோது அவனோடு படி இறங்கித் தெருக்கதவு வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு மாடி.

முடிவு ஒரு மாதத்தில் வருமாம்.

உன் தம்பி

*

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

ஊன்றுகோலோடு எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்து ஒரு கண் அழுகிறது, ஒரு கண் சிரிக்கிறது. நான் படித்துப் படித்துச் சொன்னேனே, வீறாப்பு காட்டாதே என்று! உன்னை அறைந்தால் என்ன? ஆனால் இவர் அப்படிச் சொன்னார் என்பதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அழுதேன். நர்ஸ் வலி என்று நினைத்து ஊசி போட வந்துவிட்டாள்.

இவர் திரும்பி வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். "உன் தம்பி வீட்டச் சுத்தமா வச்சிருக்கான்" என்கிறார். "புத்தகம் நிறைய வச்சிருக்கான்" என்கிறார். யாரிடமோ போனில் உன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டேன். ஒரே ஒரு குறை, முதுகுவலி. குனிய முடியவில்லை. என்ன ஆயிற்று என்றால் "ரயில்ல பலகை சீட்டு" என்கிறார். தைலம் தேய்க்கிறேன் என்றால் சட்டையைக் கழற்றமாட்டேன் என்கிறார். கிழவனுக்கு இந்த வயதில் வெட்கம்.

கம்பெனிக்காரர்களும் மனிதர்கள்தானே. பெரிய டாக்டர் சீட்டு எல்லாம் இருக்கிறதே உன்னிடம். அதைப் பார்க்காமலா இருப்பார்கள்? தைரியமாக இரு.

உன் அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

பார்க்கவில்லை.

ஆறில் இரண்டுதான் என்னால் முடியாதாம். குளிப்பது, கழிப்பறை போவது. மற்ற நான்கும் முடியும். டாக்டர் சீட்டைப் பற்றிப் போனில் கேட்டேன். முதலில் ஒரு வீணை வாசித்தார்கள், பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "சார், அது உங்க நோயப் பத்திச் சொல்லுது. நாங்க பாக்கிறது உங்க திறமைய" என்றது. என் திறமையை இதுவரை யாரும் இப்படி மெச்சியதில்லை.

அத்தான் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நேரில் பார்த்தது தவிர அவர்கள் அதிகம் நம்புவது அதைத்தான். நீ சொன்ன தலைமையாசிரியர் விஷயம் நினைவிருக்கிறதா? அந்த ஆபீசில், ஒருவன் நல்லவன் என்றால் அவன் கஷ்டமும் உண்மை என்று எழுதினார்கள். இங்கே, ஒருவன் நல்லவன், தன் காலில் நிற்பவன் என்றால் நின்றுகொள்ளட்டும் என்று எழுதுகிறார்கள். இது உன் தப்பு இல்லை. பழைய சாவியை எடுத்துக்கொண்டு வந்தோம், பூட்டை மாற்றியிருக்கிறார்கள்.

மேல்முறையீடு உண்டு, ஜூன் 15 வரை. நான் எதை எழுதினாலும் அது 'பயனாளியின் கூற்று'. மேஸ்திரி எழுதினால் ஆதாயம். முன்னால் சாட்சி சொன்னவரே, தான் சொன்னது சரியல்ல, அன்று தான் கண்ணால் பார்த்தது வேறு என்று எழுதித் தந்தால்தான் மறுபடி ஆள் அனுப்புவார்கள். அதாவது அத்தான்.

கேட்டுப் பார். கேட்காவிட்டாலும் சரி.

மேஸ்திரிக்கு இந்த வாரம் என்னோடு சண்டை. "படி இறங்குனீங்களாமே சார், கீழ்வீட்டுக்காரர் சொன்னார். மவராசனா இறங்கி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களே!" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தலை துவட்டும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தித் துவட்டினான்.

உன் தம்பி

*

மே 18

அன்புத் தம்பிக்கு,

நான்தானடா அந்த நல்ல வார்த்தையைச் சொல்லி அனுப்பினேன். என் வாயை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கே இவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போய்விட்டது. "நான் சொன்னதாலயா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம், அதனால் நீங்கள் எழுதித் தர வேண்டும் என்றேன். "நான் சொன்னதத் தப்புன்னு வேணா எழுதித் தரேன்" என்றார். அது போதாது, அன்றைக்குக் கண்ணால் என்ன பார்த்தீர்கள் என்று எழுத வேண்டும் என்றேன். அங்கேதான் ஆள் நின்றுவிட்டார். "நான் ஒண்ணும் பாக்கல" என்கிறார். காலையிலிருந்து மத்தியானம் வரை கூட இருந்த மனிதன் ஒன்றும் பார்க்கவில்லையாம்! அவன் கஷ்டப்பட்டானா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றேன். "என்னைக் கேக்காத. என்னால சொல்ல முடியாது" என்று அறைக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் கேட்கிறேன். தினமும் அதே பதில். நீயே ஒரு வரி அவருக்கு எழுதேன். உன் கைப்பட எழுதினால் இளகமாட்டாரா?

உன் அக்கா

*

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் அப்படித்தான். உனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நான் எழுதமாட்டேன். அவரிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. நீ இன்னும் ஒரு தடவை கேள். அழுத்திக் கேள். சொல்லிவிடுவார்.

கை சரியில்லை, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் தம்பி

*

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

கேட்டேன். காலில் விழாத குறை. கடைசியில் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். "சபையில ஒரு பேச்சுப் பேசி அவன் படிப்பக் கெடுத்தீங்க. இப்ப ஆபீசர்கிட்ட ஒரு பேச்சுப் பேசி அவன் பொழப்பக் கெடுத்தீங்க. ரெண்டு தடவையும் வாய் இருந்துச்சு. அவனுக்கு உதவின்னு வரும்போது மட்டும் ஊமையாயிட்டீங்க. உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவனையே கேளு" என்றார். உன் மேல் பழியைத் திருப்புகிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

பேச்சு நின்றுவிட்டது. தட்டை மேசையில் வைக்கிறேன், சாப்பிடுகிறார் அல்லது சாப்பிடுவதில்லை. நான் மகள் அறையில் படுத்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனம். இத்தனை வருடமும் உனக்கும் அவருக்கும் நடுவில் நின்று அவர் நல்லவர், நல்லவர் என்று உன்னிடம் வாதாடினேன். நீ சொன்னதுதான் சரி. கல்தான் அவர்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறதே, ஏதாவது செய்ய முடியுமா? அவர் "அவனையே கேளு" என்றாரே, அதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடு தம்பி. உடனே போன் பண்ணு. அடித்துப் பார்த்தேன், நீ எடுப்பதில்லை.

உன் அக்கா

*

ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

தேதி தாண்டிவிட்டது. தாண்டட்டும் என்று காத்திருந்துதான் எழுதுகிறேன். போன் அடித்தது கேட்டது. எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதவில்லை. கையெழுத்து கோணுகிற இடங்களில் நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறேன்.

அன்று தெருக்கதவு வரை போய்த் திரும்பி வந்தேன் என்று எழுதினேன். இறங்கினேன். ஏறவில்லை. பையனின் கார் திரும்பும் வரை நேராக நின்றேன். பிறகு கைப்பிடியைப் பிடித்து முதல் வளைவு வரை வந்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடக்கவும் முடியவில்லை, உட்கார்ந்த படியெல்லாம் நனைந்தது. கீழ்வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அத்தான் தேடிக்கொண்டு வந்தார். பார்த்தார். எனக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏறு."

"வேண்டாம். மேஸ்திரி சாயங்காலம் வருவான்."

"சாயங்காலம் வரைக்கும் இங்கயே குடித்தனம் நடத்தப் போறியா? ஏறுடா."

ஏறினேன். இரண்டு மாடி. எழுபது வயது. ஒவ்வொரு வளைவிலும் நின்று சுவரில் சாய்ந்துகொண்டார், எனக்கு நன்றாகத் தெரிந்த அதே சாய்வு. மூச்சு ஊதல் மாதிரி கேட்டது. "இறுக்கிப் பிடிச்சுக்க, வெக்கப்படாத" என்றார். இறுக்கித்தான் பிடித்திருந்தேன். மேலே கொண்டுவந்து கால் கழுவிவிட்டார். வேறு உடுத்திவிட்டார். என் உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டார். பிறகு கீழே போய்ப் படியையும் கழுவிவிட்டு வந்தார்.

நான் சத்தியம் வாங்கினேன். அக்காவுக்குத் தெரியக் கூடாது, யாருக்கும் தெரியக் கூடாது என்றேன். "சொல்லமாட்டேன்" என்றார். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன்கிட்ட நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன்.

உன்னிடம் அவர் சொல்லாதது இதுதான். கம்பெனி கேட்டதும் இதுதான்.

ஒரு வரி எழுதி அவரை அந்தச் சத்தியத்திலிருந்து விடுவித்திருக்கலாம். ஏன் விடவில்லை என்று கேட்பாய். அவர் வாக்குத் தவறுவார் என்று நம்பினேன். தவறினால் எனக்கு மேஸ்திரி கிடைப்பான், அத்தானை வெறுக்கப் புதிதாக ஒரு காரணமும் கிடைக்கும். அதனால்தான் உன்னை அழுத்திக் கேட்கச் சொன்னேன். அவரைப் பற்றி நான் வைத்திருந்த ஒரே கணிப்பு அது. நீ ஊமை என்று ஏசும்போது கூட அவர் வாய் திறக்கவில்லை என்று படித்த இரவு, மேல்முறையீட்டுக்கு நேரம் இருந்தது. அப்போதும் எழுதவில்லை. எழுதினால் அவர் அந்தப் பையன் முன்னால் சொன்னதைத் தானே அடித்துவிட்டு, பழைய வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். இந்த முறை அது உண்மை என்று சாட்சிக் கையெழுத்தோடு.

இனி என் விஷயம். மேஸ்திரியை ஜூலையிலிருந்து கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. நிமிடக் கணக்கில் வேலை, வேறு வீடுகள். ஞாயிற்றுக்கிழமை தன் நேரத்தில் வந்து சவரம் செய்துவிட்டுப் போனான். என் ரேடியோவை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் தேதி என்னை அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோகிறார்கள். அறைக்கு எட்டுக் கட்டில். அந்த ஒரு விடுதிதான் மீதி இருக்கிறது, டிசம்பரில் அதையும் கம்பெனிக்கு விற்கிறார்களாம். அதற்கப்புறம் என்று கேட்டேன். "டிசம்பர் வரட்டும் சார்" என்றார்கள். இந்த முகவரிக்கு இனி எழுதாதே. புது முகவரியை நான் தரவில்லை. தந்தால் நீ அவரை அனுப்புவாய், அவர் வருவார், அங்கும் படி இருக்கிறது.

மகள் அறையிலிருந்து உன் படுக்கையை எடுத்துக்கொண்டு போ. என்ன தெரிந்தது என்று அவரிடம் சொல்லாதே, சத்தியம் உடைந்தது என்று வருத்தப்படுவார். வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடு. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டார். இடது தோள்பட்டைக்குக் கீழே. நான் தொங்கியது அந்தப் பக்கம்தான்.

உன் தம்பி